எண்ணும் அடைமொழியும்

அடைமொழியை விட்டுவிட்டுப் பெயருக்குப் பொருள் கொள்ளலாகாது என்று இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லி வருபவன் நான். அப்பாடத்தை நானே மறந்து நின்ற கதையை இம்மலரில் எழுதக் கூசவில்லை. மாணவச் செல்வங்களுக்கு அது பயன்படக்கூடும்.

மலேசியாவில் வாழும் என் தம்பி மகளின் நிக்காஹுக்குச் செல்ல உம்மாவின் முதுமை இடந்தரவில்லை. திருமணப் படம் வந்து சேர்ந்ததும், பார்வை மங்கிய அவர்கள் பெரிதாகக் காணட்டும் என்றெண்ணி, சீட்டுப் பணத்தில் ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். பெட்டியின் மீது ‘1080 ஆதரவு’, ‘9000 லூமென்’ என்னும் எண்கள் பளிச்சிட்டன, மயங்கிவிட்டேன். அன்று மாலை கூடத்துச் சுவரில் படம் மங்கலாக விரிந்தது. உம்மா நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல பொண்ணு யாருப்பா?” என்று கேட்டார்கள். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

மறுநாள் இயற்பியல் துறை நண்பர் விளக்கினார். ‘ஆதரவு’ என்பது அத்தகைய படத்தைக் கருவி ஏற்றுக்கொள்ளும் என்பதையே குறிக்கும். அதே நுட்பத்தோடு காட்டும் என்று பொருளன்று. கருவிக்கு இயல்பாக உள்ள படப்புள்ளிகள் எத்தனை என்றே கேட்க வேண்டும். முழுமையான 1080 கருவியில் 1920க்கு 1080 ஆக 20,73,600 புள்ளிகள். நான் வாங்கியதிலோ 854க்கு 480 ஆக 4,09,920 மட்டுமே. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு!

லூமெனுக்கும் அடைமொழி உண்டு. திரையை ஒன்பது சம பாகங்களாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் விழும் ஒளியை அளந்து, அதன் சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்கிக் கூறுவது ‘ஆன்சி லூமென்’. அவ்வாறு அளவாத 9000 வெறும் உயர்வு நவிற்சியே. படத்தின் மூலைவிட்டத்தை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். சுவரில் ஒளி காற்பங்காகக் குறையும்.

வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதமே ‘கான்ட்ராஸ்ட்’. அதுபற்றி நண்பர் கூறியது நெஞ்சில் தங்கிவிட்டது: கருமையை எந்தக் கருவியும் வீசுவதில்லை, ஒளி விழாத சுவரே கருமையாகத் தோன்றுகிறது. ஆதலால், விளக்கெரியும் கூடத்தில் பெட்டி கூறும் விகிதம் நிலைப்பதில்லை.

தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது வீச்சு விகிதம். 100 அங்குலப் படத்தின் அகலம் ஏறத்தாழ 2.2 மீட்டர். விகிதம் 1.5 எனில் 3.3 மீட்டர் தொலைவு வேண்டும். எங்கள் கூடமோ 3 மீட்டர்தான்!

கடைக்காரர் கருவியைத் திரும்பப் பெறவில்லை. “ஆதரவு என்றுதானே போட்டிருக்கிறது, சார்?” என்றார். இலக்கணம் அவர் பக்கம் இருந்தது.

ஓராண்டு பணம் சேர்த்து, ஒவ்வோர் எண்ணையும் அடைமொழியோடு படித்து, வேறொன்று வாங்கினேன். விளக்கணைத்த கூடத்தில் மணப்பெண்ணின் முகம் தெளிந்து வந்தது. உம்மா, “அப்படியே உங்க வாப்பா ஜாடை” என்றார்கள்.

அச்சொல்லைக் கேட்க ஓராண்டு பிந்தியது என் வாசிப்புப் பிழையால். மாணவச் செல்வங்களே, விலைச்சீட்டைப் படிக்கும்போதும் இலக்கணத்தை மறவாதீர்கள்!