திரை இருண்ட மூன்று நாட்கள்

சென்ற போகிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் ஒட்டடை அடிக்கும் படலம் மும்முரமாக நடந்தது. “கணிப்பொறி மேசையை மட்டும் தொடாதே, அப்பா வந்து பார்த்துக்கொள்வார்” என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால், பத்தாம் வகுப்பு மாணவிக்குத் துடைக்கத் தெரியாதா என்ன? ஒயர்களையெல்லாம் கழற்றினேன், துடைத்தேன், பொருந்திய இடங்களில் மறுபடி செருகினேன்.

மாலையில் அண்ணன் பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது, பச்சை விளக்கும் எரிந்தது. திரையில் மட்டும் “நோ சிக்னல்” என்ற எழுத்துகள் தோன்றி மறைந்தன. பிறகு ஒரே இருட்டு!

அந்தக் கணிப்பொறி புதிதன்று. அப்பாவும் அண்ணனும் ஓசூரிலிருந்து பேருந்தில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் சென்று, எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தது. பாலிடெக்னிக்கில் பயிலும் அண்ணன், வரைபட வேலைக்காகப் பின்னர் அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தினான்.

அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்தவர், “யாராவது இதைக் கழற்றினீர்களா?” என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அப்பா பெட்டியைத் திறந்தார். ராம் அட்டையை எடுத்து, அதன் பித்தளை நிறப் பற்களை என் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினார். காசு போலிருந்த மூன்று வோல்ட் பாட்டரியையும் மாற்றினார். பயனில்லை. பிறகு விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டினார். அதன் விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினால் அணைந்தது. “இந்த விளக்கை ஏற்றுவது விசைப்பலகை அல்ல, உள்ளேயிருக்கும் கணிப்பொறி. ஆகவே உயிர் இருக்கிறது. நமக்குக் காட்டத்தான் முடியவில்லை” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தொலைபேசியில் விசாரித்தபோது ஒரு கடைக்காரர், பார்க்காமலேயே “போர்டு போயிருக்கும்” என்று சொல்லி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். அம்மா தையல் இயந்திரத்திற்கு மோட்டார் வாங்கச் சீட்டுக் கட்டி வைத்திருந்த பணத்தை, மூன்றாம் நாள் இரவு எடுத்து எண்ணினார். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் ஒன்பது. அந்தச் சத்தம் எனக்குப் பக்கத்து அறை வரை கேட்டது. தோழியரே, அன்றிரவு நான் உறங்கவில்லை.

விடியற்காலை, அப்பா பெட்டியைச் சாக்கில் சுற்றும்போது சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். அவரோ சாக்கைக் கீழே வைத்துவிட்டு, “எப்படிக் கழற்றினாயோ, அப்படியே செய்து காட்டு” என்றார்.

திரையின் ஒயர் நீல நிற முனை கொண்டது. மூன்று வரிசைகளில் பதினைந்து ஊசிகள். 1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறை. அதை மேலிருந்த நீலத் துளையில் செருகித் திருகினேன். அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். கீழே, படுக்கைவசமாக இன்னொரு நீலத் துளை! மேல் துளையின் திருகு வாய்களில் பழைய தூசி அப்பியிருந்தது. கீழ்த் துளையினுடையவை தேய்ந்து பளபளத்தன. “எது பழகிய இடம் என்று இரும்பே சொல்கிறது, பார்” என்றார். பல கணிப்பொறிகளில், தனியாகக் கார்டு பொருத்திவிட்டால் போர்டிலுள்ள பழைய வழி தானே அடைபட்டுவிடுமாம்.

ஒயரை மாற்றினோம். திரை மலர்ந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் பணத்தை எடுத்துக்கொண்டு அலமாரியை நோக்கிச் சென்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. காப்பி மட்டும் வழக்கம்போல் வந்தது.

அப்பா மேல் துளையின்மீது ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, பேனாவை என்னிடம் நீட்டினார். “நீயே எழுது.”

‘இதில் செருகாதே’ என்று எழுதினேன். எழுத்து சற்றுக் கோணல்தான்.