கோட்டுல குத்துற பூ

அக்கா மகளுக்கு ஐப்பசியில கல்யாணம். காலையில பட்டு வேட்டி, மாலை, தாலி கட்டு எல்லாம் வழக்கம்போல. சாயங்கால வரவேற்புக்கு மட்டும் மாப்பிள்ளை கோட்டு போடுறாராம். "மாமா, கோட்டுல குத்த சின்னதா பூங்கொத்து வேணும். கடையில பிளாஸ்டிக்கைக் காட்டுறாங்க. நம்ம வயக்காட்டுல ஏதாவது கிடைக்காதா?"ன்னு மருமக கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச கோட்டுப் பூ நேருவோட ரோஜாதான்.

ஐப்பசி நமக்கு மழை மாசம். புதுவயல்ல அரிசி ஆலைக்குப் பஞ்சமில்லை, நெல்லு மூட்டை மூட்டையாக் கிடக்கும். கதிரா வேணும்னா எங்கே போறது? வயல்ல பயிர் இன்னும் இளசு. வேலியில செங்காந்தள் நெருப்பாட்டம் பூத்திருந்துச்சு. தமிழ்நாட்டோட மாநிலப் பூதான், ஆனா கிழங்குலேர்ந்து பூ வரைக்கும் விஷம். கல்யாண வீட்டுல புள்ளைக கை வைக்காத இடம் ஏது? விட்டுட்டேன்.

கடைசியில கொல்லைப்புறத்து வாடாமல்லி. அதுல நாம பூன்னு நினைக்கிற நிறமெல்லாம் காகிதம் மாதிரி இருக்கிற செதில்தான். நிஜப் பூ உள்ளுக்குள்ள பொடிசா இருக்கும். அதான் பறிச்சாலும் நிறம் போறதில்லை. மூணு வாடாமல்லி, தை அறுப்புல நிலையில கட்டித் தொங்கவிட்ட கதிர்க்குஞ்சத்துலேர்ந்து ரெண்டு நெற்கதிர், வாசத்துக்கு மரிக்கொழுந்து. ஈர வாழைநாரால இறுக்கிக் கட்டினேன். முதல்ல கட்டுனது கரகம் சைசுக்கு வந்துருச்சு, மருமக விழுந்து விழுந்து சிரிச்சா. பிரிச்சு, விரல் நீளத்துக்குக் குறைச்சேன்.

மச்சான் தவறி ஆறு வருசம். கல்யாணத்தன்னைக்குக் காலையில அக்கா சமையக்கட்டை விட்டு வெளியே வரலை. கூப்பிட்டதுக்கு, "வேணாம் தம்பி, யாராச்சும் ஏதாவது சொல்லுவாக." தாலியைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கப் போன தட்டு அடுப்படிப் பக்கமே திரும்பலை. தாய்மாமன்னு முன்வரிசையில நின்ன எனக்கும் வாய் வரலை. இப்பவும் உறுத்துது.

சாயங்காலம் மாப்பிள்ளை கோட்டோட நின்னாரு. பூவை அக்கா கையில குடுத்து, "நீ குத்தி விடு"ன்னேன். பெரியவர் ஒருத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. ஆனா கோட்டுப் பூவை யார் குத்தணும்ங்கிற முறை அவருக்கும் தெரியலை! அக்காவுக்குக் கை நடுங்கி ஊக்கு ரெண்டு தடவை வழுக்குச்சு. மாப்பிள்ளை நல்லாக் குனிஞ்சு குடுத்தாரு.

அந்தப் பூ இப்ப அக்கா வீட்டுல மச்சான் படத்துல சொருகியிருக்கு. வாடாமல்லி அப்படியே இருக்கு. கதிரைத்தான் அணில் உருவிட்டுப் போயிருச்சு.