எழுவாய் யார்?

'விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் பலி.' பத்திரிகைகளில் இந்த வாக்கியம் மாறுவதேயில்லை. ஊரும் எண்ணிக்கையும்தான் மாறும். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு முதலில் உறுத்துவது இலக்கணம். தாக்கியது எது? வாயு. அதன்மேல் வழக்குப் போட முடியுமா?

நாமக்கல் பக்கம் எங்கள் அருந்ததியர் தெருவில் இப்படியொரு செய்தியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வாயு என்ன வானத்துலருந்தா உளுந்துச்சு? அவிங்க பேண்டதுலருந்துதானடா வருது" என்றாள்.

அறிவியலும் அதுதான். காற்றுப் புகாத தொட்டியில் மலம் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் உண்டாகும். சேற்றைக் கிளறினால் குபீரென்று வெளியேறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றம்கூடத் தெரியாது. வாயு வெளியிலிருந்து வந்த எதிரியல்ல, தொட்டியே விளைவித்தது.

திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைக்குக் காரணத்தை அமைப்புக்கு உள்ளேயே தேடு என்பது அமைப்புகளைப் பற்றி எழுதிய டோனெல்லா மெடோஸின் பாடம். ஆனால் எது உள்ளே, எது வெளியே? கோடு போடுகிறவன் யார்? தொட்டியைச் சுற்றிக் கோடு போட்டால் குற்றவாளி வாயு. செத்தவனைச் சுற்றிப் போட்டால், "குடிச்சிருந்தான், கவனமில்ல." வீட்டுக்காரர், அடிமாட்டு விலைக்கு டெண்டர் எடுத்த காண்ட்ராக்டர், டெண்டர் விட்ட அதிகாரி, எந்தத் தெருவுக்குப் போய் ஆள் கூப்பிடுவதென்று இவர்களுக்குச் சொல்லித்தந்த சாதி, எல்லாம் உள்ளே வரக் கோடு போட்டால்?

மெஷினுக்கா பஞ்சம்? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்குப் போய் ஆயிரம் அடி துளை போடுகின்றன. நாமக்கல் டேங்கர் லாரிகள் ஓடாத ரோடு கிடையாது. ஆயிரம் அடிக்கு எந்திரம், பத்தடிக்கு மனுசன்! ஆள் மலிவாகக் கிடைப்பதால் எந்திரம் வாங்குவதில்லை. எந்திரம் இல்லாததால் மறுபடியும் ஆள். சுழல் இதுதான். மலிவாக்குவது சாதி. சாதி உழைப்பாளர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார்.

இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது. 2023இல் 30 லட்சமாக்கியது. போராடி வாங்கத்தான் வேண்டும். ஆனால் டெண்டர் விலையும் ஆள்பிடிக்கும் வழியும் அப்படியே இருந்தால் சுழல் நிற்காது.

பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் முதல் தடவையே இரண்டாண்டு வரை சிறை என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே தோழர்களே, அடுத்த சாவுக்குப் போனால் மாலையோடு நின்றுவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆரை வாங்கிப் படியுங்கள். அந்தச் சட்டத்தின் 7, 9ஆம் பிரிவுகள் இருக்கின்றனவா? வன்கொடுமைச் சட்டம் இருக்கிறதா? இறக்கியவன் பெயர் இருக்கிறதா? வாயுதான் எழுவாயென்றால், அந்த வாக்கியத்தைத் திருத்தாமல் ஸ்டேஷனைவிட்டு வராதீர்கள்.