ரெஜாங் நதிக்கரையில் ஓர் உப்புப் பாடம்

சரவாக் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது என்ன? காடு, நீண்ட வீடு, இருவாட்சிப் பறவை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. பள்ளி விடுமுறையில் அங்கே போய் வந்த பிறகு, உப்பும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது.

சீபுவிலிருந்து காப்பிட்டுக்கு ரெஜாங் ஆற்றில் விரைவுப் படகில் போனேன். இப்போது சாலையும் இருக்கிறது. ஆனால் நாட்டின் மிக நீளமான ஆற்றைப் படகில் பார்ப்பதே தனி அனுபவம். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. மணிக்கணக்கில் இரு கரையிலும் பச்சை, பச்சை, பச்சை.

காப்பிட்டில் நீங்கள் தவறாமல் பார்க்க வேண்டியது சில்வியா கோட்டை. 1880-இல் பெலியான் என்னும் இரும்பு மரத்தால் கட்டியது. ஆறு பெருக்கெடுத்த ஆண்டுகளில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று அதன் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே இருந்தன! இந்த ஊரில்தான் 1924-இல் பகை கொண்டிருந்த இபான், காயான் முதலிய இனத்தவர் கூடி, சமாதானம் செய்துகொண்டார்கள்.

அங்கிருந்து ஒரு நீண்ட வீட்டுக்குப் போனேன். நம் லயம் போலவே வரிசையாக வீடுகள். ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ். முன்னால் 'ருவாய்' என்னும் பொதுத் திண்ணை. அங்கே பாய் விரித்து உட்கார வைத்து, சோறும் மரவள்ளி இலைக் கறியும் போட்டார்கள். எனக்குப் பரிமாறிய பாட்டியின் கழுத்தில் ஒரு கொய்யாப்பழ அளவுக்கு வீக்கம். அவருடைய மகளுக்கு இலேசாக. பேத்திகளுக்கு இல்லவே இல்லை. மூன்று தலைமுறையின் கழுத்தைப் பார்த்தாலே ஒரு கதை விளங்குகிறது அல்லவா?

அந்த வீக்கத்தின் பெயர் முன்கழுத்துக் கழலை. கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு என்பார்கள். அது சுரக்கும் ஹார்மோன்தான் உடம்பின் சூட்டையும் சுறுசுறுப்பையும் காக்கிறது; வயிற்றுப் பிள்ளையின் மூளையை வளர்க்கிறது. அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். அயோடின் கடலில் உண்டு. மலைநாட்டு மண்ணிலிருந்த அயோடினைக் காலங்காலமாகப் பெய்த மழை கழுவிக் கடலுக்குக் கொண்டு போய்விட்டது. கடல் மீனும் அவ்வளவு தூரம் வருவது அரிது. சரக்குக் குறைந்த சுரப்பி, கிடைத்ததைப் பிடித்து வைக்கப் பெரிதாக வீங்குகிறது. மரவள்ளியில் உள்ள ஒரு பொருள் அந்தக் குறையை இன்னும் கூட்டும். ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டன்மார் மரவள்ளியையே சோறாகத் தின்றதை நினைத்துக்கொண்டேன்.

பேத்திகளை எது காப்பாற்றியது? சரவாக் உட்பகுதிகளில் அயோடின் கலந்த உப்பைப் பரப்பினார்கள். சில நீண்ட வீடுகளில் மலையோடைத் தண்ணீர் வரும் குழாயிலேயே அயோடின் கசியும் கருவியைப் பொருத்தினார்கள்.

"அது சரவாக் கதை, நமக்கென்ன சார்?" என்று கேட்பீர்கள். அயோடின் குறைவு தீபகற்பத்துப் பிள்ளைகளிடமும் இருந்தது. அதனால்தான் 2020-ஆம் ஆண்டு முதல் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது நாடு முழுவதற்கும் சட்டமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் இருந்தால், ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அவ்வளவே. பிள்ளைத்தாய்ச்சிக்கு 250 வேண்டும். அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள். இரத்தக் கொதிப்பு வரும். கடல் மீன், முட்டை, பால் ஆகியவற்றால் ஈடுகட்டுங்கள். உப்பை மூடிய டப்பாவில் வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கும்போது போடுங்கள். மரவள்ளியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சகோதரிகளே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு எந்நேரமும் களைப்பு. உடம்பு ஊதியது, முடி கொட்டியது, குளிர் தாங்கவில்லை. "சோம்பேறி" என்றார் மாமியார். "காற்றுப் பட்டிருக்கிறது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே தைராய்டு ஹார்மோன் குறைவு என்று தெரிந்தது. மாத்திரை தின்று தேறி வந்தவர், யாரோ விற்ற கஷாயப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டார். தைராய்டு குறைவு எல்லாமே அயோடின் குறைவால் வருவதில்லை. பலருக்கு உடம்பே சுரப்பியைத் தாக்குகிறது. அதற்கு உப்பு மருந்தாகாது, மாத்திரை வேண்டும்.

நம் வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. கழலைக்குக் கடற்பாசி கொடுக்கலாம் என்று சீன வைத்தியர்கள் பன்னெடுங்காலம் முன்பே கண்டிருந்தார்கள். பினாங்கு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007 முதல் பாரம்பரிய சிகிச்சையும் டாக்டர் சிகிச்சையும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பாரம்பரிய வைத்தியத்தை முறைப்படுத்த 2016-இல் சட்டமும் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், மாலையில் நடந்து வாருங்கள். களைத்த உடம்புக்கு இவையெல்லாம் துணை. ஆனால் துணை வேறு, மருந்து வேறு. நாட்டு மருந்து எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கடற்பாசிப் பொடியை அளவில்லாமல் தின்றால், மிகுந்த அயோடினாலும் சுரப்பி கெடும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது கழித்துக் காப்பி குடியுங்கள். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கர்ப்பமானால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உடனே கிளினிக்கில் சொல்லுங்கள்.

வசதி இருந்தால் ஒரு முறை காப்பிட்டுக்குப் போய் வாருங்கள். அதற்கு முன், இன்று கடையில் உப்பு வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பி, 'பெரியோடின்' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்தால் அதுவே படித்துச் சொல்லும்.