வீழ்ந்த வன்தட்டு

எங்கள் பள்ளியின் ஆண்டு மலர்களும் விழாப் படங்களும் அடங்கிய கணினி வன்தட்டு மேசையினின்று வீழ்ந்தது. இயக்கியபோது ‘டக், டக்’ என்னும் ஒலியே எழுந்தது.

“இன்னும் ஒருமுறை இயக்கிப் பார்ப்போமா, ஐயா?” என்றார் இளைய ஆசிரியர் ஒருவர். “வேண்டா” என்றேன். நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல், மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் மிதப்பது அதன் படிப்புமுனை. அதிர்ச்சியால் அது பழுதுற்றபின், ஒவ்வொரு சுழற்சியும் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். பூச்சு போனால் பதிவும் போயிற்று. எனவே மின்னிணைப்பை நீக்கி, தூசியற்ற அறையில் அதனைத் திறக்கவல்ல வல்லுநரிடம் ஒப்படைத்தோம்.

பாதியே மீண்டது. இழந்த மலர்களைப் பழைய மாணவர் இல்லங்களிலிருந்த அச்சுப்படிகள் மீட்டுத் தந்தன. படியில்லாப் படங்களோ மறைந்தே போயின.

செல்லரிக்குமுன் சுவடிகளைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய மரபினர் நாம். மாணவச் செல்வங்களே, அரியதெதனையும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக்கி, வெவ்வேறிடங்களில் வைத்துக் காப்பீராக!