மூடிய துரும்பு

சீட்டுக்கட்டைக் கண்டதும் முகஞ்சுளிப்போர் பலர் உளர். வள்ளுவரே சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்தவரல்லரோ என்பர். ஆயினும் குறிப்பறிதல் என்னும் தலைப்பு அந்நூலில் ஒரு முறையன்றி, பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இருமுறை வருகின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அமைச்சனுக்கும் காதலனுக்கும் உரியதாக அவர் கருதிய அக்கலை, பேராதனையில் மகாவலிக்கு அண்மையிலுள்ள ஒரு விடுதியின் மூலையறையில், சல்லிக்காசும் வையாது ஆடப்பட்ட ஆட்டமொன்றில் நாள்தோறும் பயிலப்பட்டு வந்தது.

ஆட்டத்தின் பெயர் முந்நூற்று நான்கு. ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டுகள். ஓரினத்துக்கு 76 ஆக நான்கினத்துக்கும் 304. ஒன்பதுக்கு முன்னால் இராசா கைகட்டி நிற்கும் இவ்வேற்பாட்டை வகுத்தவர் எவராயினும் அரச விசுவாசியாக இருந்திருக்க முடியாது. ஆடுதன், ஸ்கோப்பன் என்று வழங்கும் இனப்பெயர்கள் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தவை.

சிங்கள மாணவர் விரும்பியாடும் ஓமியிலும் இதே 32 சீட்டுகள்தாம். அங்கும் முதல் நான்கு சீட்டுகளைக் கண்டவுடன் துரும்பு தீர்மானிக்கப்படும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். முந்நூற்று நான்கிலோ கூடிய தொகை கேட்டவன் தன் சீட்டொன்றைக் குப்புற வைப்பான். அதன் இனமே துரும்பு. அஃது என்னவென்பது எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளிக்கும் தெரியாது. இறங்கிய இனம் கையில் இல்லாதவன் வேறொரு சீட்டை மூடிப் போட வேண்டும். துரும்பு வைத்தவன் மட்டுமே அதனைத் தூக்கிப் பார்ப்பான். துரும்பாயின் எல்லாருக்கும் காட்டுவான். அன்றேல் ஒன்றும் பேசாது மூடியவாறே விட்டுவிடுவான். இதனால் இவ்வாட்டக்காரனின் நிலை போக்கர் ஆடுபவனின் நிலையிலும் சிக்கலானது. போக்கர் ஆடுபவன் எல்லாரிடமிருந்தும் மறைத்தாற் போதும். இவனோ இருபுறமும் இருக்கும் இருவரிடமிருந்து மறைத்து, எதிரே இருக்கும் ஒருவனுக்கு உணர்த்தவும் வேண்டும். அதையும் கண்ணாலோ இருமலாலோ செய்தல் களவு. போடும் சீட்டாலேயே செய்தல் வேண்டும்.

அம்மூலையறையில் ஆடிய நால்வரும் ஊர்ப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். பருத்தித்துறையானும் மட்டக்களப்பானும் ஒரு கட்சி. மாத்தளையானும் அட்டன்காரனும் மறுகட்சி. இவர்களுள் பருத்தித்துறையான் பிறர் குறிப்பை வாசிப்பதில் வல்லவன். முகத்தை அவன் பார்ப்பதேயில்லை. புதிதாக ஆட வருபவன் முகத்தைக் கல்லாக்கிக் கொள்கிறான். கை காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது அவன் கட்சி. சீட்டுகளை இனம் இனமாக அடுக்கும்போது எத்தனை இடப்பக்கம் நகர்ந்தன, குப்புறக் கிடக்கும் துரும்பின்மேல் பார்வை எத்தனை முறை சென்றது, கேட்பதற்கு முன் எவ்வளவு நேரம் சென்றது ஆகியவையே அவனுக்கு வேண்டியவை. மாத்தளையானுக்கு நல்ல சீட்டு விழுந்தால் விடுதிச் சோற்றைக் குறைகூறத் தொடங்குவான். இதை அவனைத் தவிர அனைவரும் அறிவர். அமெரிக்கரான மைக் காரோ போக்கர் மேசைக் குறிப்புகளைப் பற்றி 1984இல் எழுதிய நூலிலும் இதற்கு ஒப்பான கருத்து உண்டு: வலிய கையுடையவன் சலிப்புற்றவன்போல் நடிப்பான், வலிமையற்றவன் மிடுக்குக் காட்டுவான்.

மறைத்தலில் வல்லவன் மட்டக்களப்பான். அவன் முகத்தை மறைக்க முயன்றதேயில்லை. சிரிப்பான், கதைப்பான், தேநீர் குடிப்பான். ஆனால் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தாலும் வெறும் ஏழுகளே வந்தாலும், மூன்று மூச்சு விடும் நேரம் கழித்தே வாய் திறப்பான். எல்லாவற்றுக்கும் ஒரே கால அளவு என்றால் அதில் வாசிப்பதற்கு யாதுளது? கணிதமேதை வொன் நொய்மன் மோர்கென்ஸ்டேர்னுடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரை ஆராய்ந்து காட்டியதும் ஏறத்தாழ இதுவே: பொய்யாகத் தொகையை உயர்த்துவது அந்த ஒரு கையை வெல்வதற்காக மட்டுமன்று, தன் செயலிலிருந்து தன் சீட்டை எதிரி ஊகிக்க இயலாமற் செய்தற்கும் ஆம்.

அட்டன்காரன் இவ்விரு வகையிலும் சேராதவன். சீட்டைப் பார்த்ததும் கேட்பான். இல்லையேல் உடனே விட்டுவிடுவான். ஒளிப்பதற்கு நேரம் எடுக்காதவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. ஹந்தானைப் பக்கம் மழை இருட்டிக் கிடந்தது. முதல் நான்கு சீட்டுகளும் விழுந்தன. அட்டன்காரன் தன் கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டேயிருந்தான். நெடுநேரத்தின் பின் “நூற்றெழுபது” என்றான்.

பருத்தித்துறையான் கையில் ஆடுதன் ஜாக்கும் ஒன்பதும் இருந்தன. 180 கேட்கத் தக்க கை. எனினும் அவன் கணக்குப் போட்டான்: உடனுக்குடன் பேசுபவன் இவ்வளவு தயங்குகிறான் எனில், இரண்டு இனத்தில் வலிமை இருக்கிறது, எதைத் துரும்பாக்குவது என்ற தடுமாற்றம். ஆகவே கேளாது விட்டான்.

ஆட்டம் நடந்தது. மூன்றாஞ் சுற்றில் ஸ்கோப்பன் இறங்க, மட்டக்களப்பான் ஒரு சீட்டை மூடிப் போட்டான். அட்டன்காரன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாதிருந்தான்.

“என்ன மச்சான், துரும்போ இல்லையோ?”

அவன் தான் குப்புற வைத்திருந்த சீட்டைத் தானே எடுத்துப் பார்த்தான். எதை வைத்தோமென்று அவனுக்கு நினைவில்லை. கலாவரை ஏழு. கையில் வேறு கலாவரை ஒன்றுதானும் இல்லை.

அறை அதிரச் சிரிப்பெழுந்தது. மாத்தளையான் தலையில் அடித்துக்கொண்டான். பருத்தித்துறையானோ மெய்யாகவே வியந்தான். இத்தகைய பொய்க்கையைத் தான் கண்டதில்லை, ஆடுதன் ஜாக்கை வைத்துக்கொண்டு தன்னையே வாய் மூடச் செய்துவிட்டானே என்று கைகுலுக்கப் போனான். அப்போதுதான் துரும்புச் சீட்டிருந்த இடத்துக்கு அருகே, அச்சீட்டைப் போலவே குப்புற வைக்கப்பட்டிருந்த அட்டன்காரனின் கைபேசி மேசையில் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. எடுக்கவில்லை.

உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவன் தங்கை, பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். தாய்க்குக் காலில் அடிபட்டு மலையேற முடியாது. தோட்டச் சம்பளம் நின்றுபோயிற்று. அண்ணனின் படிப்புச் செலவு நிற்கலாகாது. அன்று மாலை வந்த செய்தி அது. அதைப் படித்த பின்னரே அவன் ஆட வந்து அமர்ந்தான்.

உளவியலாளர் போல் எக்மன் 1985இல் வெளியிட்ட நூலில் ஒதெல்லோவின் தவறு என்று ஒன்றைக் குறிப்பிடுவார். டெஸ்டிமோனாவின் முகத்தில் அச்சமும் துயரமும் இருந்தன என்பதை ஒதெல்லோ சரியாகவே கண்டான். அவற்றின் காரணத்தைப் பிழையாகக் கொண்டான். பருத்தித்துறையானின் வாசிப்பும் அத்தகையதே. தயக்கம் உண்மை. அதனைச் சீட்டின் தயக்கம் என்று கொண்டதே பிழை. சீட்டு மேசையில் எல்லாமே சீட்டைப் பற்றியதாகத்தான் தோன்றும். அட்டன்காரன் அன்றிரவு அறையில் தனித்திருந்தால் யாரேனும் வந்து என்னவென்று கேட்டிருப்பார்கள். உணவு மண்டபத்திலும் கேட்டிருப்பார்கள். பேசாதிருப்பவனை ஏன் பேசவில்லை என்று எவரும் கேளாத இடம், முகத்தை மறைப்பது எவருக்கும் குற்றமாகப் படாத இடம், விடுதி முழுவதிலும் அந்த மேசை ஒன்றே. அதனை அறிந்தே அவன் வந்தான் போலும்.

சீட்டுக்கட்டு கலைந்தது கலைந்தபடியே கிடக்க, நால்வரும் மழைக்குள் கலஹாச் சந்திக்கு இறங்கிப் போனார்கள். பாலில்லாத் தேநீர் நான்கு வந்தன. மூன்று மூச்சுக்காரன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாத்தளையான் தன் மாமனுக்குத் தெரிந்த புலமைப்பரிசில் நிதியொன்றைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி இடையில் நிறுத்தினான். எத்தனையோ பேரின் கையை வாசித்த பருத்தித்துறையானுக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. திரும்பும் வழியிற்றான் அவன் வாய் திறந்தான்.

“எப்ப மச்சான் போறாய்?”

“வெள்ளிக்கிழமை. முதலில் கொழும்புக்கு. அவளைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகவேண்டும்.”

“வரமாட்டன் எண்டால்?”

அட்டன்காரன் மூன்று மூச்சு நேரமன்று, விளக்குக் கம்பங்கள் நான்கைந்து கடக்கும் வரை பேசாமல் நடந்தான்.

“தெரியாது” என்றான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை பேராதனையில் கொழும்புப் பேருந்து வந்து நின்றபோது இருவர் ஏறினர். யன்னலோரத்தில் அமர்ந்த அட்டன்காரன் கைபேசியை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தான். பருத்தித்துறையான் அவன் முகத்தையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. கடுகண்ணாவைக் கணவாய் இறங்கும்வரை வீதியையே பார்த்துக்கொண்டு வந்தான்.