கிம் கி-டுக் தவிரவும் ஆட்கள் இருக்காங்க

கேரளத்தில் களமசேரிக்குக் குடிவந்த பிறகு ஒன்று புரிந்தது. இங்கே கொரிய சினிமா என்று பேச்செடுத்தால் முதலில் வருகிற பெயர் இயக்குநர் கிம் கி-டுக். 2013 கேரளத் திரைப்பட விழாவுக்கு அவர் திருவனந்தபுரம் வந்தபோது, நம்மூரில் ஹீரோக்களுக்குக் கூடுகிற கூட்டம் கூடியது. 2018இல் நடிகைகள் அவர்மீது சொன்ன பாலியல் குற்றச்சாட்டுகளுக்கு அப்புறம் என்னால் அந்தப் பக்தியில் சேர முடியவில்லை.

என் ஓட்டு போங் ஜூன்-ஹோவுக்கு. அவருடைய 'பாரசைட்' எல்லாரும் பார்த்தாச்சு. 2003இல் வந்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பாருங்கள். தென்கொரியாவில் நிஜமாகவே நடந்த ஹ்வாசோங் தொடர்கொலைகள்தான் கதை. ஊர் போலீஸ் சந்தேகப்பட்டவனை எல்லாம் உதைத்து வாக்குமூலம் வாங்குகிறது. சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. படம் வந்தபோது கொலையாளி யாரென்றே தெரியாது. 2019இல் டிஎன்ஏ மூலம் சிக்கியவன், வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தான். அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக 20 வருஷம் உள்ளே கிடந்த அப்பாவி, 2020இல்தான் நிரபராதி என்று தீர்ப்பு பெற்றார்.

பேய்ப்படம் வேண்டுமா? நா ஹாங்-ஜின் எடுத்த 'த வெய்லிங்'. அதில் வரும் பூசாரியின் ஆட்டம், கோயில் கொடையில் சாமியாடிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாகவே உறைக்கும். 'ட்ரெய்ன் டு புசான்' ஜாம்பி படம். கடைசியில் சென்டிமென்ட் கொஞ்சம் ஓவர்தான், ஆனாலும் அழுதேன். காதலுக்கு பார்க் சான்-வூக்கின் 'டிசிஷன் டு லீவ்'.

டப்பிங்கில் மட்டும் பார்த்துவிடாதீர்கள். 'பர்னிங்' படம் பற்றித் தனியாக எழுதணும்.